பேச்சே இல்லாம ஹேம்லெட் எடுத்தாங்களே, எதை நம்பி எடுத்தாங்க? (ஊமைப்பட காலத்து நாடகப் படங்கள்)

பழையரீல்:

நாலஞ்சு நாளா ராத்திரி தூக்கத்தை விட்டுட்டு, மேடை நாடகத்தை வச்சு எடுத்த ஊமைப்படங்களாவே பாத்துட்டு இருக்கேன். யார்கிட்டயாவது பேசினாத்தான் மனசு ஆறும் போல, அதான் இந்த இழை.

மொதல்ல பாத்தது 1899ல லண்டன்ல எடுத்த கிங் ஜான். ஷேக்ஸ்பியர் நாடகத்துலேர்ந்து வந்த படங்கள்ல இன்னைக்கு நம்ம கைக்கு கிடைக்கறதுலயே ரொம்ப பழசு அதுதான். மேடை நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ அந்த செப்டம்பர்ல ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர்ல இந்த நாடகத்தை போட்டார், அதுக்கு ஒரு விளம்பரமா இருக்கட்டும்னு பயோகிராஃப் கம்பெனி தேம்ஸ் கரையில இருந்த திறந்தவெளி ஸ்டூடியோவுல சில காட்சிகளை புடிச்சாங்க. அதுல ராஜாவோட சாவுக் காட்சி மிஞ்சியிருக்கு, ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட வரும். சாதாரண 35 எம்எம் இல்ல, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அகலமான 68 எம்எம் ஃபிலிம், அதனால இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் துணி மடிப்பு வரைக்கும் தெரியுது.

விஷம் குடுத்துட்டாங்க, ராஜா நாற்காலியில உக்காந்து துடிக்கறார், சுத்தி மூணு பேர் நிக்கறாங்க. மூலத்துல இது உள்ள நெருப்பா எரியுது, குளிர்ச்சியா ஏதாவது கொண்டு வாங்கன்னு அவர் கெஞ்சற இடம். ட்ரீ வாய் திறந்து அவ்வளவையும் பேசறார். ஒரு சொல் கூட நமக்கு கேக்கல. ஆனா அந்த கை இருக்கே, நெஞ்சை பிறாண்டி, நாற்காலியை புடிச்சு, திரும்ப காத்துல எதையோ தேடி அலையுது பாருங்க, நான் அப்படியே உறைஞ்சு போயிட்டேன்.

என் கேள்வி இதுதான். நாடகம்னாலே பேச்சு, அதுலயும் ஷேக்ஸ்பியர்னா பேச்சு மட்டும்தான்னு சொல்றவங்க நெறைய பேர். அப்புறம் எதை நம்பி நூத்துக்கணக்குல இந்த படங்களை எடுத்தாங்க? என் கட்சி என்னன்னா, பேச்சை தொலைச்சதால நாடகத்துல அதுவரைக்கும் யாரும் கவனிக்காத ஒண்ணு கைக்கு வந்துச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

மேடைப்பித்தன்:

நண்பர் மன்னிக்கணும், என்னால ஒத்துக்க முடியல. ஊமை கண்ட கனவுன்னு சொல்லுவோமே, பாத்தவனுக்கும் சொல்ல வராது, கேக்கறவனுக்கும் புரியாது, இந்த படங்கள் எனக்கு அப்படித்தான் இருக்கு. 1910ல இத்தாலியில எடுத்த கிங் லியர் பாத்தேன், எர்மேத்தே நொவெல்லி பெரிய நடிகர்தான், கலர் கூட ஒவ்வொரு ஃப்ரேமா பூசியிருக்காங்க, ஆனா மூணு மணி நேர நாடகம் அதுல பதினாறு நிமிஷம் சொச்சம்! அந்த காலத்துல ஒரு ரீல்னா 1000 அடி, சுமாரா கால் மணி நேரம்தான் ஓடும், அதுக்குள்ள லியரை திணிச்சா என்ன மிஞ்சும்? மூணு பொண்ணுங்க, ஒரு வரைபடம், ஒரு கெழவர் கோவப்படறார், ஓடறார், அழறார், சாகறார். ஏன் அந்த கோவம், அந்த பைத்தியம் எப்படி அவருக்குள்ள ஏறுது, அதெல்லாம் சொல்லுல இருக்கு சார்.

எதை நம்பி எடுத்தாங்கன்னு கேட்டீங்க. மரியாதையை நம்பி எடுத்தாங்க. அமெரிக்காவுல சினிமாக் கொட்டகைன்னாலே கெட்ட எடம்னு பேர், 1908 கிறிஸ்துமஸ் முந்தின நாள் நியூயார்க் மேயர் அத்தனை கொட்டகை லைசென்ஸையும் ரத்து பண்ணி மூட வச்சார். அந்த நெருக்கடியில ஷேக்ஸ்பியர் படம் போட்டா போலீஸ்காரரும் பாதிரியாரும் என்ன சொல்லிட முடியும்? அதோட எழுதினவருக்கு உரிமைத் தொகையும் குடுக்க வேண்டாம், கதையும் எல்லாருக்கும் தெரியும். வியாபாரக் கணக்குதான், கலையெல்லாம் பின்னாடி நாம ஒட்டவைக்கறது.

டைட்டில்கார்டு:

மேடைப்பித்தன் சொன்ன வியாபாரக் கணக்கு சரி. ஆனா அதே பதிவுல "கதை எல்லாருக்கும் தெரியும்"னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க, என்னைக் கேட்டா முக்கியமான விஷயமே அதுதான்.

1911ல மேடை நடிகர் ஃப்ராங்க் பென்சன் ஷேக்ஸ்பியர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்ட் மேடையிலேயே கேமராவை எதிர்ல நட்டுவச்சு ரிச்சர்ட் த தேர்டு எடுத்தார். கேமரா நகரவே நகராது, பின்னாடி வரைஞ்ச திரை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி எழுத்து போட்ட ஒரு கார்டு திரையில வந்து என்ன நடக்கப் போகுதுன்னு சொல்லிடும், கூடவே மூலத்துலேர்ந்து ரெண்டு வரி, அப்புறம் காட்சி. இன்னைக்கு பாத்தா சஸ்பென்ஸே போச்சேன்னு தோணும். ஆனா அந்த காலத்து ஆளு பள்ளிக்கூடத்துல அந்த வரியை மனப்பாடம் பண்ணியிருப்பான், இல்ல மேடையில ஒரு தடவையாவது பாத்திருப்பான். கார்டு முதல் அடியை எடுத்துக் குடுக்குது, மிச்சத்தை அவன் மனசுக்குள்ள பாடிக்கறான். கூத்துல கதை தெரியாமயா போய் உக்கார்றோம்? தெரிஞ்சதை இந்த ஆளு எப்படி பண்றான்னு பாக்கத்தானே விடிய விடிய முழிச்சிருக்கோம். நமக்கு அந்த வரி மனசுல இல்ல, அதனால படம் ஊமையா இருக்கு, அவனுக்கு அப்படி இருந்திருக்காது.

நிழல்விளக்கு:

லியர் ஒண்ணை வச்சு எல்லாத்தையும் தள்ளிடாதீங்க மேடைப்பித்தன். பெர்சி ஸ்டோ இங்கிலாந்துல க்ளாரண்டன் கம்பெனிக்காக 1908ல எடுத்த த டெம்பெஸ்ட் பாருங்க. பன்னெண்டு நிமிஷம்தான்.

நாடகத்துல புயல்ல ஆரம்பிச்சு, அப்புறம் மந்திரவாதி ப்ராஸ்பெரோ மகள்கிட்ட உக்காந்து பழைய கதையை பக்கம் பக்கமா சொல்லுவார், மேடையில பாதி பேருக்கு கண்ணை சொக்கற இடம் அது. ஸ்டோ அந்த பேச்சை தூக்கிட்டு, கைக்குழந்தையோட ப்ராஸ்பெரோ தீவுல வந்து இறங்கறதுலேர்ந்து நேர்வரிசையா கதையை காட்டிட்டார். ஏரியல்ங்கற ஆவியா வர்றது ஒரு சின்னப் பொண்ணு, மரத்தைப் பொளந்து வெளிய வருது, சட்டுனு மறையுது, தீவுல இருக்கற காட்டுமனுஷன் கேலிபன் கிட்ட வரும்போது குரங்கா மாறிடுது, எல்லாம் கேமராவை நிறுத்தி ஆளை மாத்தி திரும்ப ஓட்டற வித்தைதான். புயல் ஷாட் இருக்கே, முன்னாடி பாறை மேல ப்ராஸ்பெரோ கையைத் தூக்கிட்டு நிக்கறார், பாறைக்கு நடுவுல இருக்கற சந்துல நிஜக் கடல் அலையடிக்குது, அதுல ஒரு குட்டி கப்பல் தத்தளிக்குது. ரெண்டு தனித்தனி படத்தை ஒரே ஃபிலிம்ல ஒட்டியிருக்காங்க. மந்திரம்னு மேடையில வாயால சொல்லி நம்பவைக்க வேண்டிய இடம், இங்க கண்ணு முன்னாடி நடக்குது. இதை எப்படி நஷ்டக் கணக்குல எழுதுவீங்க?

புதுசா_வந்தவன்:

ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. நான் பாத்ததுல எல்லாரும் விறுவிறுன்னு பொம்மை மாதிரி ஓடறாங்க, கையை உதறறாங்க, அந்த காலத்துல நடிப்பே அப்படித்தானா?

கைப்பிடி16:

இல்லீங்க, அது நடிகர் தப்பு கிடையாது, ஓட்டற வேகத்தோட தப்பு. அப்போ கேமராவை கையால சுத்துவாங்க, செகண்டுக்கு சுமாரா 16லேர்ந்து 18 ஃப்ரேம் விழும், கேமராமேனுக்கு கேமராமேன், படத்துக்கு படம் மாறும். பேசும்படம் வந்தப்புறம்தான் 24னு நின்னுச்சு. 16ல எடுத்ததை 24ல ஓட்டினா ஒண்ணரை மடங்கு வேகம், நிதானமா கையைத் தூக்கி நெஞ்சுல வைக்கறவன் ஈ விரட்டற மாதிரி தெரிவான். அதுலயும் நாடகப் படத்துக்கு இது மகா பாவம், மேடை நடிகனோட மொத்த சொத்தே அவன் எவ்வளவு நேரம் நிறுத்தறாங்கறதுதான். ப்ளேயர்ல வேகத்தை முக்காலா குறைச்சு, இல்ல இன்னும் கொஞ்சம் கூட குறைச்சு பாருங்க. அதே படம், அதே ஆளு, வேற நடிப்பு. எனக்கு இந்த விஷயம் தெரியாம எத்தனையோ படத்தை சிரிச்சுட்டு மூடியிருக்கேன், இப்போ நினைச்சா வருத்தமா இருக்கு.

புதுசா_வந்தவன்:

குறைச்சுப் பாத்தேன். நம்பவே முடியல. நன்றிங்க.

திரைக்குப்பின்னால்:

நான் பதினேழு வருஷமா மேடையில இருக்கேன், அதனால என் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லணும்.

ஒத்திகை முத்திப் போய் எல்லாரும் வசனத்தை கடகடன்னு ஒப்பிக்க ஆரம்பிச்சதும் எங்க இயக்குநர் ஒரு காரியம் பண்ணுவார். இன்னைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முழு காட்சியும் அப்படியே நடக்கணும், அடுத்தவன் எப்போ முடிச்சான்னு அவன் உடம்பைப் பாத்து தெரிஞ்சுக்கன்னுவார். மொத தடவை பண்ணப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன்னா ரெண்டு மாசமா நான் எதிர்ல நிக்கறவங்க முகத்தையே பாக்கல, அவங்க வாய் நின்னதும் என் வரியை போட்டுட்டு இருந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சும்மா கையில புடிச்சிருந்த ஒரு தம்ளர் அன்னைக்கு எனக்கு அவ்வளவு பெருசாத் தெரிஞ்சுது.

அதனாலதான் 1913 ஹேம்லெட் எனக்கு பொக்கிஷம். ஜான்ஸ்டன் ஃபோர்ப்ஸ் ராபர்ட்சன் மேடையிலேர்ந்து விடைபெற்ற வருஷம் ஹெப்வொர்த் கம்பெனி எடுத்தது, லல்வொர்த் கடற்கரையில கோட்டையே கட்டி வச்சு எடுத்தாங்க. அவருக்கு அப்போ 60 வயசு, ஹேம்லெட் மாணவன். மொத அஞ்சு நிமிஷம் அந்த வயசு உறுத்தும், ஒத்துக்கறேன். அப்புறம் மறந்துரும். சுத்தி மத்தவங்க எல்லாம் கேமராவுக்காக பெருசு பெருசா கையை வீசும்போது இவர் மட்டும் அடக்கி, ஒரு விரலை கன்னத்துல வச்சு, தலையை லேசா சாய்ச்சு நிக்கறார். கடைசி வரிசைக்கும் கேக்கற குரல் இருந்த ஆளு அவர். அந்த குரலைத் தாங்கின உடம்பு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு காட்டறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மேடைப்பித்தன்:

தோழர், உங்க ஒத்திகை விஷயம் மனசுல தைக்குது, நிஜமா. ஆனா பாருங்க, நீங்க பேச்சில்லாம ஒத்திகை பண்ணது எதுக்கு? திரும்ப பேசும்போது நல்லா பேசணும்னு. அந்த படங்கள்ல திரும்பப் பேசற நாள் வரவே இல்லையே.

ஃப்ரெஞ்சு மேடை நடிகை சாரா பெர்னார்ட் நடிச்ச க்வீன் எலிசபெத்தும் பாத்துட்டேன், 1912 படம், அமெரிக்காவுல அடால்ஃப் ஜூக்கர் உரிமை வாங்கி நியூயார்க் லைசியம் தியேட்டர்ல ஜூலையில போட்டு, பெரிய நடிகர்கள் பெரிய நாடகங்கள்ல நடிக்கற படம்னு ஒரு கம்பெனியையே அதை வச்சு நிறுத்தினார். கடைசியில ராணி நின்னபடியே மெத்தைக் குவியல் மேல விழுந்து சாகறாங்க, அடுத்த நிமிஷம் உயிரோட வந்து நின்னு நமக்கு வணக்கம் வைக்கறாங்க! கைதட்டலுக்காக காத்திருக்கற அந்த முகத்தைப் பாக்க எனக்கு தாங்கல. கேமராவை அவங்க ரசிகர்னு நம்பறாங்க, அங்க ஒருத்தரும் இல்ல.

பழையரீல்:

அந்த வணக்கம் எனக்கும் தாங்கல, ஆனா நான் வேற விதமா எடுத்துக்கிட்டேன். நூறு வருஷம் கழிச்சு நீங்களும் நானும் உக்காந்து பாத்தோமே, அப்போ யாருமே இல்லன்னு ஆகுமா?

பெர்னார்ட் பேச்சு வந்ததால இன்னொண்ணு, ஊமைப்படம்ங்கற பேரே கொஞ்சம் யோசிக்கணும். 1900ல பாரிஸ் கண்காட்சியில காட்டின, அவங்களே ஹேம்லெட்டா நடிச்ச படம், லேர்ட்டீஸோட வாள்சண்டை போடற ரெண்டு நிமிஷத் துண்டு, அதுக்கு கூடவே வாள் மோதற சத்தம் ஒலி பதிஞ்ச சிலிண்டர்ல ஓடுச்சு. அதே அரங்குல கோக்லான்ங்கற ஃப்ரெஞ்சு நடிகர் சிரானோ நாடக வேஷத்துல பேசின குரலும் படத்தோட சேர்ந்து வந்துச்சு. அதாவது ஹேம்லெட் சினிமாவுக்கு வந்த முதல் தடவையே சத்தத்தோட வந்திருக்கார். மௌனம் அப்புறமா, படம் பெருசா வளர்ந்து ஊர் ஊரா போக ஆரம்பிச்சப்போ நிலைச்ச விஷயம்.

திரும்பப் பேசற நாள் வரலன்னு சொன்னீங்களே, அதுக்கு என் பதில் டென்மார்க் நடிகை ஆஸ்டா நீல்சன். 1921ல ஜெர்மனியில அவங்களே கம்பெனி வச்சு எடுத்த ஹேம்லெட். எட்வர்ட் வைனிங்னு ஒரு அமெரிக்கர் 1881ல ஹேம்லெட் உண்மையில ஒரு பொண்ணுன்னு வாதாடி ஒரு புத்தகம் எழுதியிருந்தார், அதைத்தான் புடிச்சுக்கிட்டாங்க. வாரிசு இல்லன்னா நாடு போயிரும்னு பொறந்த பெண் குழந்தையை ஆண்னு அறிவிச்சு வளர்க்கறாங்க. அப்படின்னா வாழ்நாள் முழுக்க ஹேம்லெட்டுக்கு உண்மையைப் பேச அனுமதி இல்ல! நண்பன் ஹொரேஷியோ மேல ஆசை, சொல்ல முடியாது, அவன் ஒஃபிலியாவை பாக்கறான், அதையும் பக்கத்துல நின்னு பாக்கணும். மூலத்துல தனியா நின்னு பக்கம் பக்கமா பேசற ஆளு, இங்க பேசவே முடியாத ஆளா மாறிடுது, படமும் பேசாத படம். ரெண்டும் எங்க வந்து பொருந்துது பாருங்க. கடைசியில செத்துப்போன ஹேம்லெட்டை ஹொரேஷியோ மடியில சாச்சுக்கிட்டு நெஞ்சுல கை வைக்கறான், அந்த கை நின்னுடுது. அவனுக்கு அப்போதான் தெரியுது. இந்த காட்சிக்கு எந்த வசனம் எழுதினாலும் கம்மிதான்.

கலர் சாயம் ஏத்தின பழைய பிரிண்ட் ஒண்ணு 2005ல கிடைச்சு, சீர் பண்ணி 2007 பெர்லின் விழாவுல போட்டாங்க. அதைத் தேடிப் பாருங்க, கருப்பு வெள்ளையில சுத்தற தேய்ஞ்ச பிரதி வேண்டாம்.

டைட்டில்கார்டு:

பழையரீல் இந்த பதிவை எழுதறதுக்காகவே இந்த இழை ஆரம்பிச்சிருக்கலாம், அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா கவனிங்க, உங்க உதாரணம் மேடைப்பித்தன் வாதத்துக்கும் கொஞ்சம் பலம் சேர்க்குது. அது ஷேக்ஸ்பியர் எழுதின ஹேம்லெட் இல்லயே, அதுல ஹேம்லெட்டோட சித்தப்பா க்ளாடியஸ் கூட வாளால சாகாம தீயிலதான் சாகறான். ஜெயிச்ச படம் எல்லாம் நாடகத்தை விட்டு விலகினதாத்தான் இருக்கா?

நிழல்விளக்கு:

விலகினதுன்னு சொல்ல மாட்டேன், வேற வழியா உள்ள போனதுன்னு சொல்லுவேன். ஆஸ்கார் வைல்டோட லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன், 1892 நாடகம். வைல்டுன்னாலே பொன்மொழிதான், வரிக்கு வரி கைதட்டல். 1925ல எர்ன்ஸ்ட் லூபிட்ச் அதை எடுத்தப்போ அந்த பொன்மொழி ஒண்ணைக் கூட கார்டுல போடல. ஒண்ணைக் கூட! எல்லாரும் வாங்க வர்ற சரக்கையே கடையில வைக்காம ஒருத்தர் கடை திறந்திருக்கார்.

பதிலுக்கு என்ன வச்சார்? நாடகத்துல இல்லாத ஒரு குதிரைப் பந்தயம். ஊர் வாயில விழுந்த மிசஸ் எர்லின் வந்து உக்கார்றா, அவ்வளவுதான், அங்க ஒருத்தரும் குதிரையைப் பாக்கல. ஆம்பளைங்க பைனாகுலர் இவ மேல, கிசுகிசு பேசற பெண்கள் பைனாகுலரும் இவ மேல, ஒருத்தி நரைமுடி தெரியுதான்னு தேடிக் கண்டுபுடிக்கறா. ஊர் வாய் ஒரு பொம்பளையை எப்படி துண்டு துண்டா அலசும்ங்கறதுதானே வைல்ட் மூணு மணி நேரமா அத்தனை கிண்டலோட சொன்னது? அதை வெறும் பார்வையால, சில நிமிஷத்துல சொல்லிட்டார். அப்புறம் ஒரு ஆளு அவ வீட்டு வாசல் மணியை அடிக்கற விதத்தை வச்சே அவங்களுக்குள்ள பழக்கம் எந்த அளவுக்கு வந்திருக்குன்னு காட்டுவார், மொத தடவை தயங்கி, உடுப்பை சரி பண்ணி, பின்னாடி போகப் போக உரிமையா. எழுத்தை மதிக்காதவனால இப்படி எடுக்க முடியாதுங்க, கரைச்சுக் குடிச்சவனாலதான் முடியும்.

திரைக்குப்பின்னால்:

இதோட ரெனே க்ளேர் எடுத்த இத்தாலியன் ஸ்ட்ரா ஹாட்டையும் சேத்துக்கோங்க. லபீஷ் 1851ல எழுதின கேலி நாடகம், பாட்டும் பேச்சுமா ஓயாத சத்தம். க்ளேர் 1928ல எடுக்கும்போது கதையை 1895க்கு, அதாவது சினிமா பொறந்த வருஷத்துக்கே நகர்த்திட்டார். அதுல கல்யாண சபையில மேயர் பேசிட்டு இருப்பார், ஒரு அம்மா தன் புருஷனுக்கு உன் டை அவுந்திருக்குன்னு ஜாடை காட்டுவாங்க, புருஷனைத் தவிர அங்க இருக்கற அத்தனை ஆம்பளையும், மேயரும் சேத்து, அவங்கவங்க டையை சரி பண்ணுவாங்க. அப்புறம் காது கேக்காத அந்த மாமா, காதுக்குழல் அடைச்சுக்கிட்டதால படம் முழுக்க எதுவும் கேக்காம சிரிச்ச முகமாவே சுத்துவார். ஊமைப்படத்துல ஒரு செவிடர்! நாம இருக்கற நிலைமையிலதான் அவரும் இருக்கார்.

கைப்பிடி16:

சமஸ்கிருத நாடகமும் இந்த வரிசையில உண்டுங்க, மிருச்சகடிகத்தை வச்சு 1931ல மோகன் பாவ்னானி வசந்தசேனா எடுத்தார், கமலாதேவி சட்டோபாத்யாய் நடிச்சிருக்காங்க.

ஆனா எனக்கு இந்த இழையில வேற ஒரு வருத்தம், நாம பேசறது எல்லாம் தப்பிப் பொழைச்ச படங்களைப் பத்தி மட்டும்தான். ஃப்ரான்ஸ் இயக்குநர் மெலியேஸ் 1907ல தானே ஹேம்லெட்டா நடிச்சு எடுத்தார், அந்த படம் இன்னைக்கு இல்ல. ட்ரீ 1916ல ஹாலிவுட் போய் நடிச்ச மேக்பத், அதுவும் இல்ல. அதுல அவர் நாடக வசனத்தை ஒரு வரி விடாம பேசியே தீருவேன்னு நின்னதால, பேச்சு நீளும்போதெல்லாம் ஃபிலிம் இல்லாத கேமராவை சும்மா சுத்தினாங்கன்னு அப்போ கூட இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. அவர் நடிச்ச ஹென்றி த எய்ட்த் கதை இன்னும் கொடுமை. 1911ல வில் பார்க்கர் எடுத்தது, ட்ரீக்கு 1000 பவுண்டு சம்பளம், மொத்தம் 20 பிரிண்ட், ஆறு வாரம் மட்டும் வாடகைக்கு விட்டு, தேய்ஞ்ச பிரதி ஊர் சுத்தக் கூடாதுன்னு அத்தனையையும் திரும்ப வாங்கி ஊரறிய கொளுத்திட்டாங்க. அந்த காலத்து நைட்ரேட் ஃபிலிம் எப்படி எரியும்னு தெரியுமில்ல, தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 1912ல அமெரிக்காவுல ஃப்ரெடரிக் வார்ட் நடிச்ச ரிச்சர்ட் த தேர்டு, 55 நிமிஷம், தொலைஞ்சே போச்சுன்னு எழுதி மூடிட்டாங்க. 1996ல பழைய ப்ரொஜெக்‌ஷனிஸ்ட் ஒருத்தர் இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்த பிரிண்டைக் கொண்டு வந்து அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்ல குடுத்தார். முழுசா மிஞ்சியிருக்கற அமெரிக்க முழுநீளப் படங்கள்லயே ரொம்ப பழசு அதுதான்னு சொல்றாங்க. அந்த படத்தோட வார்டும் ஊர் ஊரா போனார், ரீல் மாத்தற இடைவெளியில மேடையில நின்னு ரிச்சர்டோட வசனத்தை நேர்ல பேசினார். மேடைப்பித்தன், நீங்க கேட்ட குரல் அங்க இருந்திருக்கு பாருங்க, ஃபிலிம்ல இல்ல, பக்கத்துல.

மேடைப்பித்தன்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

கைப்பிடி16 சொன்னதைப் படிச்சுட்டு அந்த ஃபோர்ப்ஸ் ராபர்ட்சன் ஹேம்லெட்டை எடுத்தேன். பின்னணி இசையை முழுசா நிறுத்திட்டேன், வேகத்தைக் குறைச்சேன், நாடகப் புத்தகத்தை மடியில விரிச்சு வச்சுக்கிட்டேன். இருப்பதா இறப்பதாங்கற அந்த இடம் வந்தது. ஆளு அவசரமே படாம பேசறார், உதட்டை வச்சே எந்த வரியில இருக்கார்னு பின்தொடர முடியுது. சில இடத்துல நான் தவற விட்டேன், பின்னாடி போய் திரும்ப ஓட்டினேன். மூணாவது தடவையோ நாலாவது தடவையோ பக்கத்து ரூம்லேர்ந்து யாரோட பேசறீங்கன்னு வீட்ல கேட்டாங்க. அப்போதான் கவனிக்கறேன், நான் வாய்விட்டு பேசிட்டு இருந்திருக்கேன், அவர் நிறுத்தற இடத்துல நிறுத்தி, அவர் மூச்சு வாங்கற இடத்துல மூச்சு வாங்கி.

லியர் விஷயத்துல என் கருத்து மாறல, பதினாறு நிமிஷம் பத்தவே பத்தாது. ஆனா இன்னைக்கு ராத்திரி வார்ட் படம் பாக்கப் போறேன், புத்தகத்தை எடுத்து வச்சுட்டேன். கைப்பிடி16, அந்த 55 நிமிஷ பிரிண்ட் சரியான வேகத்துலதான் ஓடுதா, இல்ல அதையும் நான் குறைக்கணுமா?